ஒழுகும் இடம்

முதல் இடத்தில் ஏரி இருந்தது.
ஏரியில் இரண்டு அன்னங்கள்.
அவையும் கட்டணத்தில் சேர்த்தி என்றாள்
சுற்றிக் காட்டிய பெண்.

மழை வந்தால்? என்று கேட்டாள் ஹெஸ்டர்.

ஜூன் மாதத்திலா?
மழைக்கு நாங்கள் அழைப்பு அனுப்புவதில்லை.
தானே சொல்லித் தானே சிரித்தாள்.

வரவேற்பறை மேசையில் தடித்த வருகைப் பதிவேடு.
ஹெஸ்டர் அதைப் பின்னோக்கிப் புரட்டினாள்,
அவசரமே இல்லாமல்.
நான் சுவரில் மான்கொம்புகளை எண்ணினேன்.
பதினேழு.
போன முறையும் பதினேழுதான்.

இரண்டாம் இடத்தில் மெழுகு வாசம் வீசும் மாளிகை,
தொட்டால் அபராதம் என்பதுபோல் நாற்காலிகள்.
மூன்றாவது கண்ணாடி வீடு.
எலுமிச்சைத் தொட்டிகளுக்கிடையே
நூற்றிருபது பேர் அமரலாமாம்,
மூச்சுவிடுவதைப் பற்றிப் பேச்சில்லை.
நான்காவதில் யாருமே வந்து கதவைத் திறக்கவில்லை.

ஹெஸ்டருக்கு வேலை, கவுன்டி சாலைகளின் வடிகால்.
எந்த இடத்துக்குப் போனாலும்
முதலில் தரையைத்தான் பார்ப்பாள்,
தண்ணீர் எந்தப் பக்கம் போகும் என்று.
என்னையும் அப்படித்தான் பார்த்திருக்க வேண்டும்,
முதல் நாளே.

ஹியர்ஃபோர்ட்ஷயரின் மேற்கோரம்.
வேலிகள் நெருங்கிப் பாதையைக் குறுக்க
காரின் கண்ணாடியை மடக்கிக்கொண்டு போனோம்.
ஒரு காலத்தில் ஹாப் பூக்களை உலர்த்திய கொட்டகை.
முழங்கால்வரை சேற்றுக் காலணியோடு
திருமதி பிராஸர்.

மழை வந்தால்?

வரும், என்றாள்.
வராமல் எங்கே போகும்?
வந்தால் இங்கே ஒழுகும், அதோ அங்கே ஒழுகும்,
அந்த மூலையில் மூன்று வருடமாக ஒழுகுகிறது,
எங்கிருந்தென்று கடவுளுக்கும் தெரியாது.
கேக்கை இந்தத் தூணருகே வையுங்கள்.
மேற்குக் காற்றடித்தால் பக்கத்துப் பண்ணைப் பன்றிகள்.
போன் பேச வேண்டுமானால் வால்நட் மரத்தடி,
இடது பக்கம் நின்று, கொஞ்சம் எம்பி.

ஹெஸ்டர் குனிந்து
தரையின் சரிவை உள்ளங்கையால் அளந்தாள்.
நிமிர்ந்தபோது அவள் முகத்தில்
அன்னங்கள் தர முடியாத ஏதோ இருந்தது.

தமாஷ் பார், ஒழுகுகிற அந்தக் கூரைக்கு
ஓர் ஒழுக்கம் இருந்தது.
எனக்கு இல்லை.

காருக்குள் வந்து உட்கார்ந்தோம்.
சாவியைத் திருகவில்லை நான்.
மழை பிடித்துக்கொண்டது, மார்ச் மழை,
காருக்கு மேலே பட்டாணியைக் கொட்டுவதுபோல்.

அந்த ஏரி வீடு, என்றேன்.
நான்கு வருடம் முன்னால் அங்கே போயிருக்கிறேன்.
இன்னொருத்தியோடு.
தேதிகூடக் குறித்திருந்தோம்.
அவள் பெயர்

ஃபிலிப்பா, என்றாள் ஹெஸ்டர்.
பதிவேட்டில் இருந்தது.
உன் கையெழுத்தில்தான்,
பேனா மை இல்லாமல் கீறியதுபோல்.
பக்கத்தில் அவள் ஒரு பூ வரைந்திருந்தாள்.

அப்புறம் ஏன் கேட்கவில்லை?

எங்கிருந்து ஒழுகுகிறது என்று தெரிந்துவிட்டது,
எப்போது ஒழுகும் என்றுதான்
நான்கு சனிக்கிழமைகளாகப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அவள் சிரித்தாளா என்று சொல்லத் தெரியவில்லை.
ஆவி படிந்த முன்கண்ணாடியில் விரலால்
கொட்டகையை வரைந்தாள்,
தூணை வரைந்தாள்,
தூணருகே மூன்றடுக்கில் ஏதோ.
உன் அம்மாவை எங்கே உட்காரவைப்பது? என்றாள்.
மூலையில் வேண்டாம், என்றேன்.
ஏன், அவருக்குக் குடை பிடிக்கும், என்றாள்.
பேச்சு அம்மாவின் தொப்பிக்குப் போய்
அங்கேயே கொஞ்ச நேரம் நின்றது.

ஜன்னலில் தட்டல்.
தலையில் தீவன மூட்டைச் சாக்கைக் கவிழ்த்தபடி
திருமதி பிராஸர்.
கண்ணாடியை இறக்கினேன்,
மழை பாதி உள்ளே வந்தது.

ஒன்று சொல்ல மறந்துவிட்டேன், என்றாள்.
முன்பணம் கொடுத்தால்
திருப்பித் தர மாட்டேன்.